நீல முத்திரையும் ஒரு சிட்டிகை உப்பும்

"ஹலோ... ஹலோ, பெட்டி அக்காங்களா?... நான்தான்க்கா, ஸ்கூல் சமையல்கட்டுல இருந்து... ஆமா, ஆமா, கரண்டியேதான்!... நல்லா இருக்கேன்க்கா. நீங்க எப்படி இருக்கீங்க?... முட்டி வலி?... அட, போயே போச்சா! சந்தோஷம்... என்னது? ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் கூப்பிட்டேன்... ஏன், நான் சும்மா கூப்பிடக் கூடாதா?"

சும்மா கூப்பிடுகிறவள் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மாவு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேச மாட்டாள். அதுவும் மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை வைத்து, நெருப்பில் கை வைத்தவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அந்த அரசுப் பள்ளியின் தலைமைச் சமையல்காரி அவள். பிள்ளைகளுக்குக் கரண்டி அத்தை. அவளுடைய அலமாரியில் பாத்திர மூடிகளுக்கு ஆளுக்கொரு நிறம். பச்சை மூடி, கறி தொடாத பிள்ளைகளுக்கு. சிவப்பு மூடி, தங்கள் மத முறைப்படி அறுத்த கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு. மஞ்சள் மூடி, மண்ணுக்குக் கீழே விளைந்த எதுவும் ஆகாத இரட்டைப் பையன்களுக்கு. எந்த மூடி யாருக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தச் சமையல்கட்டில் அவள் கைபடாத சாப்பாடு ஒன்றே ஒன்றுதான். அது நீல முத்திரைப் பெட்டி.

அந்தப் பெட்டி வெளியிலிருந்து வரும். ஒரு மதத்தாருக்கென்றே நடக்கும் சமையல்கூடத்தில் சமைத்து, இரண்டு சுற்றுத் தாளில் பொதிந்து, மேலே நீல முத்திரை ஒட்டி அனுப்புவார்கள். சாப்பிடுகிற பிள்ளைதான் அதைப் பிரிக்க வேண்டும். வேறு யார் பிரித்தாலும் அது அவர்களுக்கு ஆகாத சோறு. பள்ளிக்கூடம் முழுவதற்கும் அப்படிச் சாப்பிடுகிறவள் ஒரே ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி. அவள் முத்திரையின் ஓரத்தைப் பிடித்து 'சர்ர்ர்... டப்!' என்று இழுக்கும் சத்தத்தைக் கேட்கவே மதியம் ஒரு கூட்டம் கூடும். 'டப்பா ராணி' என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

"இல்லக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்... ஒரு பேச்சுக்குத்தான்! இந்த முத்திரை இருக்கே முத்திரை... அது வெயில்ல, புழுக்கத்துல தானாவே வாயைப் பிளந்துக்கிட்டா?... பிளக்காதா? நல்ல பசையா?... ஓஹோ, ஸ்பெஷல் பசையா... சரி, பூனை வந்து பிரிச்சிட்டா?... இல்லக்கா, இங்க பூனை இல்ல... எலியும் இல்ல! ஐயையோ, எங்க கிச்சன் கண்ணாடி மாதிரி இருக்கும்க்கா, எலின்னு வெளியில சொல்லிடாதீங்க!"

கதவு ஓரத்தில் உதவிக்காரியின் தலை தெரிந்தது. அவள் கையில் கோந்துப் புட்டி. ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கண்ணாலேயே கேட்டாள்.

"போடி அந்தப் பக்கம்! வெக்கமா இல்ல உனக்கு?... ஐயோ, உங்களை இல்லக்கா! உங்களைப் போய் அப்படிச் சொல்வேனா! இங்க ஒருத்தி..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று கரண்டி அத்தைக்கும் ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. கோந்துப் புட்டியை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ராணி அந்த முத்திரையை இழுப்பதற்கு முன்னால் மூக்கின் அருகே கொண்டுபோய், சுற்றிலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தை ஏமாற்றிவிட்டு இந்தக் கையால் நாளைக்கு எப்படி மாவு பிசைவது?

மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"அக்கா... சொல்லிடறேன். திட்டாதீங்க. சரி, திட்டுங்க, ஆனா கடைசி வரைக்கும் கேட்டுட்டுத் திட்டுங்க... இன்னிக்கு ராணியோட பெட்டியைப் பிரிச்சிட்டாங்க... ஆமா... ஆமாக்கா, முத்திரைய உடைச்சு... நான் இல்லக்கா, சத்தியமா நான் இல்ல! புதுசா ஒரு அதிகாரி வந்திருக்காரு, சாப்பாட்டைச் சோதிக்கறதுக்குன்னு... அவருதான்... வேணும்னு இல்லக்கா, பாவம், அவரு கடமையச் செஞ்சாரு!"

கடமை என்றால் சாதாரணக் கடமையா! பிள்ளைகளுக்குப் பரிமாறும் எந்தச் சாப்பாட்டையும் பெரியவர் ஒருவர் முதலில் ருசி பார்த்தே ஆக வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. பழைய அதிகாரி இரண்டு பாத்திரத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போய்விடுவார். புதியவர் அப்படியில்லை. சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய சொந்த ஸ்பூனோடு வந்திருந்தார். பச்சை மூடியைத் திறந்தார், ருசித்தார், ஸ்பூனைக் கழுவினார். சிவப்பு மூடி, கழுவல். மஞ்சள் மூடி, கழுவல். கரண்டி அத்தை அடுப்பில் பொங்கிய பாலை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள், அலமாரியின் மேல்தட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த நீல முத்திரையும் 'சர்ர்ர்... டப்!'

"எவ்வளவு சாப்பிட்டாரா?... ஒரு ஸ்பூன்க்கா... சரி, ரெண்டு... பொய் சொல்லலக்கா, முதல்ல ஒரு ஸ்பூன்தான்... அப்புறம் ஓரத்துல கொஞ்சம்... சரி, பாதி! பாதிப் பெட்டி!... ஆமா, கோழியும் காலி... சோத்து ஓரத்துல உருளைக்கிழங்கு ஒண்ணே ஒண்ணு அநாதையா கிடக்கு... விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. இப்ப தொட்டி ஓரமா நிக்கறாரு, சுவத்தைப் பாத்துக்கிட்டு. பெஞ்சு மேல ஏத்தி விட்ட பையன் மாதிரி."

கரண்டி அத்தை போனை இன்னும் இறுக்கிக் காதில் அழுத்தினாள்.

பெட்டி அக்காவை அவள் பார்த்ததே கிடையாது. வண்டிக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். வந்துவிட்டதா என்று அக்கா போன் செய்வார். வந்துவிட்டது என்று இவள் சொல்வாள். அந்தக் குரலை வைத்து இவளாகவே ஓர் ஆளைச் செய்து வைத்திருந்தாள். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் அடிஸ்கேல்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?... நீங்க முதல் நாளே சொன்னீங்க. ஒரு முத்திரை உடைஞ்சாலும் மறுநாள்ல இருந்து பெட்டி வராதுன்னு சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா பெட்டி நின்னா அவங்க அப்பா அவளை இங்க வச்சிருக்க மாட்டாருக்கா. ஊருக்கு அந்தக் கோடியில உங்க ஆளுங்க பள்ளிக்கூடம் இருக்கே, அங்க கொண்டுபோய்ச் சேர்த்துடுவாரு. இப்பதான்க்கா அவளுக்குச் சிநேகிதிங்க கிடைச்சிருக்காங்க. நேத்துகூட பக்கத்துல யார் உக்கார்றதுன்னு ரெண்டு பொண்ணுங்க ஒருத்தி பின்னலை ஒருத்தி பிடிச்சு இழுத்து... ஆங்? என்ன கேட்டீங்க?"

கரண்டி அத்தை போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். கேட்டது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம்.

"எப்படி இருந்துச்சுன்னா?... யாருக்கு, அவருக்கா?... அதை எதுக்குக்கா இப்ப?... இல்ல இல்ல, கேக்கலாம், தாராளமா கேக்கலாம்... நல்லா இருந்துச்சுன்னாரு... ஆமா, நல்லா இருந்துச்சாம்... வேற என்ன சொல்லணும்க்கா? பாதிப் பெட்டி காலின்னா அதுவே சொல்லலையா?... ம்... ம்... அப்படியா?... இத்தனை வருஷமாவா?... அடப் பாவமே!"

விஷயம் இதுதான். பெட்டி அக்கா காலையில் சமைப்பார், பொதிவார், முத்திரை வைப்பார், அனுப்புவார். எங்கெங்கோ எந்தெந்த மேஜையிலோ யார் யாரோ பிரித்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட முகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. நல்லா இருந்தது, நல்லா இல்லை என்று ஒரு வார்த்தை திரும்பி வந்ததில்லை. ராணியின் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாராம். பிள்ளை 'ம்' என்றாளாம். அவ்வளவுதான்.

கரண்டி அத்தைக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு சமையல்காரியின் வலி இன்னொரு சமையல்காரிக்குத் தெரியாதா? இங்கேயாவது வேண்டாத காயைத் தட்டில் ஒதுக்கி வைத்துக் காட்டிக்கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"இருங்கக்கா, அவரையே கேட்டுச் சொல்றேன்... சார்! சார், இங்க வாங்க. பயப்படாதீங்க, போன் கடிக்காது. அந்தக் கோழி எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்க, செஞ்சவங்களே... ம்... ம்... அக்கா, இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து இப்படி ஒரு கோழி சாப்பிட்டதில்லையாம்!... ஆமா, நெஜமா! நெஞ்சுல கை வச்சுச் சொல்றாரு!... எலும்பு தானா கழண்டு வந்துச்சாம்... அந்தப் பூண்டு வாசனை இன்னும் கை விட்டுப் போகலையாம்... என்ன சார்? இன்னும் ஒண்ணா? வேணாம் சார்... சார், அதை விட்டுடுங்க சார்... சார்!"

அதிகாரி நேர்மையானவர். நேர்மையானவர்களோடு இதுதான் தொல்லை. அவர் குனிந்து, போனுக்கு நேராகவே, மிகுந்த மரியாதையோடு அதைச் சொல்லிவிட்டார். ஒரு சிட்டிகை உப்பு மட்டும் குறைவு.

கரண்டி அத்தை போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். அந்தத் தூரத்திலும் அது பொரிந்தது. அதிகாரி ஸ்பூனைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்.

"அக்கா... அக்கா, கேளுங்க... ஆமா, ஆமா... அவரு நாக்குல ஏதோ கோளாறா இருக்கும்... ஆமா, மூணு பாத்திரம் ருசி பார்த்த நாக்குதானே... இல்லக்கா, நான் ருசி பாக்கல, நான் எப்படிச் சொல்றது?... அக்கா, என்ன சத்தம் அங்க?... கதவு சாத்தறீங்களா?... எங்க கிளம்பறீங்க?... இங்கயா? இப்பவா?... அக்கா, வேணாம்க்கா! வண்டிச் சத்தம் கேக்குதே! அக்கா, பெட்டிய நிறுத்தறதை நேர்ல வந்து சொல்லணுமா? போன்லயே சொல்லுங்க, நான் தாங்கிக்கறேன்... அண்ணே, வண்டிய மெதுவா ஓட்டுங்கண்ணே!... அக்கா, அவருகிட்ட சொல்லுங்க!"

அதே நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கால்சத்தம். கரண்டி அத்தை மாவு மூட்டையிலிருந்து குதித்தாள். புடவையின் பின்பக்கம் வெள்ளை வெளேர் என்று இரண்டு வட்டங்கள். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் அப்படியேதான் திரிந்தாள்.

பரிமாறும் மேஜைக்கு முன்னால் ராணி நின்றுகொண்டிருந்தாள். கண்கள் நேராக அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. தட்டு காலி. கண்கள் கீழே இறங்கின. கரண்டி அத்தையின் கையிலிருந்த பெட்டியில் கிழிந்த நீலத் தாள் தெரிந்தது. அவள் அழவில்லை. அழாமல் நின்றதுதான் கரண்டி அத்தையை என்னவோ செய்தது. நாளைக்கு இதே வரிசையில் நான் நிற்பேனா என்பதை அந்தப் பிள்ளை தானாகவே கணக்குப் போட்டுவிட்டது.

"அக்கா, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். இங்க பிள்ளை பசியோட நிக்கறா... ஆமா, ராணிதான்... நீங்க வர வரைக்கும் என்ன குடுக்கறது?... என் பாத்திரத்துல எதுவும் ஆகாது, தெரியும்... ம்... யாரும் பிரிக்காததா? சமைக்காததா? அப்படி என்ன இருக்கு இங்க? பூட்டின பீரோதான் இருக்கு!... கடலையா? தொலி உரிக்காத கடலை நல்ல யோசனைதான், ஆனா இங்க ஒருத்தனுக்குக் கடலை வாசனை பட்டாலே மூஞ்சி பலூன் ஆயிடும்... இருங்க, பாக்கறேன்... முட்டைக்கோஸ்... பூசணி... அக்கா! அக்கா, வாழைப்பழத்துக்கு யாருக்கா சீல் வச்சது?"

அதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாயந்திரத்துக்கென்று வாங்கி வைத்த வாழைச் சீப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கூடையில் ஆரஞ்சு. பக்கத்துச் சாக்கில் உரிக்காத பச்சைப் பட்டாணி, ஒவ்வொன்றும் தையல் பிரியாத பை.

"சிரிக்கறீங்களா?... சரியா, தப்பா? அதைச் சொல்லுங்க முதல்ல!... சரியா? பரவாயில்லையா? முழுப் பழம், தொலியோட, அவ கையாலயே?... ஆரஞ்சும்?... பட்டாணியும் பச்சையாவா? தின்பாளே! கண்ணு, இங்க வா. இதைப் பாரு. இதுக்கு மேல இருக்குற முத்திரை யாரு வச்சதுன்னு தெரியுதா? எங்க யாராலயும் ஒட்ட முடியாது, அவ்வளவு ஸ்பெஷல் பசை. நல்லாத் திருப்பிப் பாரு. யாரும் பிரிக்கலையே?"

ராணி வாழைப்பழத்தை வாங்கினாள். மூக்கின் அருகே கொண்டுபோனாள். சுற்றிலும் திருப்பிப் பார்த்தாள். காம்பில் விரலை வைத்தாள்.

அப்போது தொண்டையைச் செருமினார் அதிகாரி.

"என்ன சார் இப்போ?... ஐயோ, அக்கா, ருசி பாக்கணுமாம்! விதி விதியாம்! பெரியவங்க யாரும் ருசி பாக்காம பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதாம்!... சார், நீங்க ருசி பாக்கணும்னா உரிக்கணும். நீங்க உரிச்சா அவ சாப்பிட முடியாது. அவ உரிச்சா நீங்க... தலை சுத்துது சார் எனக்கு!... அக்கா, நீங்க அங்க கத்துறது எனக்குக் கேக்குது, அவருக்குக் கேக்கல... கேக்காததே நல்லது."

ஆனால் அதிகாரி ஏற்கெனவே சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணியின் பழம் ஒடிந்த இடத்துக்குப் பக்கத்துப் பழத்தை மெதுவாக ஒடித்தார். அதைத் தானே உரித்து, ஸ்பூனால் ஒரு துண்டு வெட்டி, கண்ணை மூடி ருசித்தார். ஒரே சீப்பு, ஒரே காம்பு, கூடப் பிறந்த பழம். ஒன்றை ருசி பார்த்தால் மற்றதையும் ருசி பார்த்த மாதிரிதானே? ஆரஞ்சுக் கூடையிலிருந்து ஒன்று, பட்டாணிச் சாக்கிலிருந்து ஒன்று. எல்லாவற்றையும் ருசித்து முடித்து, நீதிபதி மாதிரி ராணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அக்கா! அக்கா, பிரிஞ்சிடுச்சு! இல்ல இல்ல, சிக்கல் பிரிஞ்சிடுச்சுன்னேன்! கூடப் பிறந்த பழத்தை அவரு ருசி பாத்துட்டாரு, இதை அவ பிரிக்கறா!... ஆமாக்கா, மூளைக்காரருதான், உப்பு விஷயத்தைத் தவிர!... இந்தாங்க, கேளுங்க, போனைக் கிட்ட வைக்கறேன்... கேட்டுச்சா? சர்ர்ர்ருனு! டப்புன்னு வரல, ஆனா பரவாயில்ல, டப்பை அவ வாயாலயே சொல்லிட்டா!"

அடுத்து நடந்தது யார் கையிலும் இல்லை. வரிசையில் இரண்டாவதாக நின்றவளுக்குத் தட்டு வேண்டாம், முத்திரை வைத்த சாப்பாடு வேண்டும். மூன்றாவது பையனுக்கும் அதேதான். வரிசையின் வாலில் இருந்தவர்கள் என்ன கிடைக்கிறது என்றே தெரியாமல் எனக்கும், எனக்கும் என்றார்கள்.

"டேய், தள்ளாதீங்கடா! சோறு தின்னாத்தான் பழம்! முதல்ல தட்டு, அப்புறம் சீல்!... அக்கா, வந்து பாருங்க இந்தக் கூத்தை. ராணி மேஜை மேல ஏறாத குறை. பட்டாணியை எப்படிப் பிரிக்கணும்னு பாடம் எடுத்துக்கிட்டு இருக்கா. ஓரத்துல நகம் வைக்கணுமாம், ஒரே இழுப்பாம்... இந்தப் பிள்ளைங்க இதுவரைக்கும் பட்டாணின்னா பத்தடி தள்ளி நிக்கும்க்கா!... அதிகாரி? அவரும் வரிசையில நிக்கறாரு!"

சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் இடுப்புப் பக்கம் யாரோ புடவையை இழுத்தார்கள். ராணி. கன்னத்தில் பட்டாணி. கேட்டது ஒரே கேள்வி. அதைக் கேட்டுவிட்டு மெல்லுவதை நிறுத்திவிட்டு நின்றாள்.

கரண்டி அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அக்கா... நாளைக்குப் பெட்டி வருமான்னு கேக்கறா... நான் என்ன சொல்ல?... அக்கா?... நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா அவகிட்ட. முத்திரைய ஒட்டறதுக்குக் கோந்துப் புட்டி இருந்தும் உங்ககிட்ட பொய் சொல்லல... வருமா, வராதா?... எந்தப் பக்கம் வாசலா? பேச்சை மாத்தாதீங்க... பின்பக்கம், பால் வண்டி நிக்கற வழி... ஏன்?... அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?"

சமையல்கட்டின் கண்ணாடி ஜன்னலை யாரோ விரலால் தட்டினார்கள்.

ஒட்டடைக்குச்சியும் இல்லை, மூக்குக் கண்ணாடியும் இல்லை. குள்ளமாக, உருண்டையாக, வந்த வேகத்தில் முகமெல்லாம் வேர்த்து, காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். மேலங்கியை மறுபக்கமாக மாட்டியிருந்தார். அவர் உதடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசைந்தது. குரல் போனில் வந்தது.

"நீங்களா?... நீங்களாக்கா அது? அடக் கடவுளே, நான் என்னென்னவோ நினைச்சு வச்சிருந்தேன்!... நானா? நான் ஒல்லியா இருப்பேன்னு யாரு சொன்னா உங்களுக்கு?... புடவையில மாவா? எங்க?... அதை விடுங்க. கையில என்ன அது?"

பெட்டி அக்கா இன்னொரு கையை உயர்த்தினார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள். இரண்டின் மேலும் நீல முத்திரை.

"ரெண்டா? எதுக்கு ரெண்டு?... ஒண்ணு ராணிக்கு. சரி... இன்னொண்ணு?... அவருக்கா! கூடப் பிறந்த பெட்டியா!" கரண்டி அத்தை பட்டாணிச் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டும் ஒரே சட்டியில இருந்து... அவரு ஒண்ணைப் பிரிச்சு ருசி பாக்கட்டும், இவ ஒண்ணைப் பிரிச்சுச் சாப்பிடட்டும்... நாளைக்கும்?... தினமுமா? தினமும் ரெண்டா?... கண்ணு, தினமும் ரெண்டாம்டி!... ஆமாக்கா, கேட்டுட்டா, குதிக்கறா, பட்டாணியெல்லாம் என் மேலதான்... சரி சரி, சொல்றேன். சார்! நீங்க இங்க, இவங்க கண்ணு முன்னாடி உக்காந்து சாப்பிடணுமாம்! ஒவ்வொரு வாய்க்கும் உப்பு எப்படி இருக்குன்னு சொல்லணுமாம்!... ஓடப் பாக்கல அக்கா, ஸ்பூனைக் கழுவப் போறாரு!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி அக்கா அதிகாரியை ஒரு முறை முறைத்தார். பிறகு முறைப்பு கலைந்து, பார்வை ராணியின் மேல் விழுந்தது. கூட்டத்துக்கு நடுவில் வாய் நிறைய மென்றுகொண்டு நின்ற அந்த முகத்தை விட்டு அவர் கண் நகரவில்லை. வாசல் பக்கம் நகர்ந்தவர், கதவருகே வந்ததும் தயங்கினார். அடுத்த மதத்தார் சமைக்கிற சமையல்கட்டு. காதில் போனோடு ஏதோ கேட்டார்.

"உள்ள வரலாமாவா? என்னக்கா கேள்வி இது?" கரண்டி அத்தை கைப்பிடித் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தள்ளுங்க, தொறக்கும். அதுக்கு யாரும் சீல் வைக்கல. வாங்க... நான் போனை வச்சிடறேன்."